தலையில் அடி, மலை மேல் ஆஸ்பத்திரி

ஏற்காட்டுப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்க்கிற நர்ஸ் நான். எங்களிடம் சிடி ஸ்கேன் கிடையாது. தலையில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வாசலில் கால் வைக்கும்போதே கேட்பது அதைத்தான். இல்லை என்றதும் முகம் மாறிவிடும், "அப்ப எதுக்கு இங்க வச்சிருக்கீங்க, சேலத்துக்கு எழுதிக் கொடுங்க" என்பார்கள். சில பேருக்கு உடனே எழுதித்தான் கொடுக்க வேண்டும். ஆனால் லேசான தலைக்காயம் என்று வருகிற பலருக்கு அந்த ராத்திரி வேண்டியதெல்லாம் அரை மணிக்கு ஒரு தடவை பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுத்து, பார்த்ததை எழுதி வைக்கிற ஒரு ஆள்.

லேசான காயம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முழு நினைவோடு இருக்கிறவருக்கு கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15 மார்க். கிளாஸ்கோ ஊரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு டாக்டர்கள் 1974-ல் வகுத்துக் கொடுத்த அளவு, சுருக்கமாக ஜிசிஎஸ் என்போம். 13-லிருந்து 15 வரை இருந்து, நினைவு தப்பியிருந்தாலும் அது அரை மணி நேரத்துக்குள் என்றால் லேசானது. இதற்கு டார்ச் லைட்டும் வாயும் போதும். பேச்சுக்கு மார்க் போடும்போதுதான் கவனம் வேண்டும். புத்தகத்தில் இருக்கிற மாதிரி "இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டால் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற அக்காவுக்கு அடிபடாத நாளிலேயே சரியாகச் சொல்ல வராது. "கடைசியா என்னைக்குக் கூலி வாங்குனீங்க, உங்க மேஸ்திரி யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். அதில் தடுமாறினால் ஒரு மார்க் குறைத்துவிடலாம்.

மிளகு சீசனில் ஏணியிலிருந்து விழுந்தவர்கள் வருவார்கள். இங்கே மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிடக்கும், அது எவ்வளவு உயரம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கூட வருகிற ஆள் மட்டும் "வழுக்கி விழுந்துட்டான் சிஸ்டர்" என்பார். ஏணி என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவு) போடுவார்கள், போலீஸ் வரும், நஷ்டஈட்டுப் பேச்சு வரும் என்று பயம். ஆனால் மூன்று அடிக்கு மேலிருந்தோ ஐந்து படிக்கு மேலிருந்தோ விழுந்தால் ஆபத்து கூடுதல் என்பது ஸ்கேன் எடுக்கலாமா என்று முடிவு செய்ய டாக்டர்கள் பார்க்கிற விதிகளில் ஒன்று. அந்த ஒரு பொய்யால் டாக்டர் எடுக்கிற முடிவே மாறிப்போகலாம். அதனால் நான் அந்த ஆளை டீ குடிக்க அனுப்பிவிட்டு, அடிபட்டவரிடம் தனியாக ஒரு தடவை கேட்பேன்.

காயத்தில் காப்பித்தூள் அப்பிக்கொண்டு வருவதைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு போடலாம். மண்டைத் தோல் கிழிந்தால் ரத்தம் கொட்டத்தான் செய்யும், பயந்துபோய் கையில் கிடைத்ததை வைத்து அடைக்கிறார்கள், அது இந்த ஊரில் காப்பித்தூள்தான். தையல் போடுவதற்கு முன்னால் முடியைக் கத்தரித்து, சலைன் ஊற்றி ஊற்றிக் கழுவினாலும் கறுப்புக் கறுப்பாக வந்துகொண்டே இருக்கும். அதெல்லாம் போனால்தான் அடியில் எலும்பு உள்வாங்கி இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க முடியும். தயவுசெய்து சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு வாருங்கள், அது போதும்.

யாரை உடனே கீழே அனுப்ப வேண்டும் என்பதில் பெரிய குழப்பம் இல்லை. அடிபட்டு இரண்டு மணி நேரம் ஆகியும் 15-க்கு வராதவர், வலிப்பு வந்தவர், ஒரு பக்கம் கை கால் பலம் குறைந்தவர், காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீர் மாதிரியோ வடிகிறவர், இரண்டு கண்ணைச் சுற்றியும் அல்லது காதுக்குப் பின்னால் கன்றிப்போனவர், ஒரு தடவைக்கு மேல் வாந்தி எடுத்தவர். 65 வயதைத் தாண்டி, கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியவருக்கும் ஸ்கேன் வேண்டும். வார்ஃபரின், குளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிறவருக்குத் தனி ஜாக்கிரதை. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றால் "பிரஷர் மாத்திரை" என்றுதான் பதில் வரும். நான் கேட்பதில்லை, மஞ்சப்பையைக் கொட்டி அட்டை அட்டையாகப் பார்த்துவிடுவேன்.

வாந்தி கணக்கில்தான் எங்களுக்கென்றே ஒரு சிக்கல். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. தலையில் ஒரு கீறல்கூட இல்லாதவர்களே வாந்தி எடுக்கிற ரோடு அது. ஆம்புலன்ஸில் படுத்தபடி இறங்குகிற ஆள் அடிவாரம் வருவதற்குள் மூன்று தடவை எடுத்தால், அது வளைவா மூளையா என்று கீழே இருக்கிற டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அதனால் ரெஃபர் சீட்டில் வண்டி கிளம்பும் முன்னால் எத்தனை வாந்தி, எத்தனை மணிக்கு என்று எழுதிவிடுவேன். "ஜிசிஎஸ் 14" என்று மட்டும் எழுதினாலும் பிரயோஜனம் இல்லை. கண் 4, பேச்சு 4, அசைவு 6 என்று பிரித்து, நேரம் போட்டு, கண்மணி இரண்டும் ஒரே அளவா என்பதையும் எழுதினால்தான் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரியில் வாங்குகிறவருக்கு ஆள் தேறுகிறாரா மோசமாகிறாரா என்று தெரியும்.

மற்றவர்களை இங்கேயே வைத்துப் பார்க்கலாம். 15 வருகிற வரை அரை மணிக்கு ஒரு தடவை, வந்தபிறகும் இரண்டு மணி நேரம் அதே அரை மணி, அடுத்த நான்கு மணி நேரம் மணிக்கு ஒரு தடவை, அப்புறம் இரண்டு மணிக்கு ஒரு தடவை. நடுவில் ஒரு மார்க் குறைந்து அரை மணி நேரம் அப்படியே இருந்தால் டாக்டரை எழுப்ப வேண்டும், அவர் சலித்துக்கொண்டாலும் சரி. மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் கட்டுகிற கேஸ்களில் சில பேர் கொஞ்ச நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், அப்புறம்தான் சரிவார்கள். குடித்துவிட்டு விழுந்தவர் என்றால் இன்னும் மோசம். "சரக்கு இறங்கட்டும், காலையில பாத்துக்கலாம்" என்று சொல்லி மூலைப் படுக்கையில் போட்டுவிடுவார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் அப்படிப் போட்டவருக்கு விடியும்போது ஒரு பக்கக் கண்மணி விரிந்து கிடந்தது, உள்ளே மூளை அழுத்தப்படுகிறது என்பதற்கான அறிகுறி அது. அதற்கப்புறம் குடித்து வந்தவர் படுக்கையை என் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

"மூளைக்கு ஒரு ஊசி போடுங்க" என்று கேட்பவர்களுக்கு ஒன்று. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருந்த காலம் உண்டு. 10,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆராய்ச்சி 2004-ல் வெளியானது, ஸ்டீராய்டு போட்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்திருந்தார்கள். எனவே ஊசி இல்லை, கோபப்படாதீர்கள். வலிக்குப் பாரசிட்டமால் போதும்.

வெளியே வீங்கினால் உள்ளே ஒன்றும் இல்லை என்பதை நம்பாதீர்கள். தூங்கவே விடக்கூடாது என்பதும் தேவையில்லை, டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியவர் தாராளமாகத் தூங்கலாம், முதல் 24 மணி நேரம் கூட ஒருவர் இருந்தால் சரி. எழுப்பியும் எழுந்திருக்கவில்லை, தலைவலி ஏறிக்கொண்டே போகிறது, வாந்தி நிற்கவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் 108-க்குப் போன் போடுங்கள். தலைசுற்றல், மறதி, எரிச்சல் எல்லாம் சில வாரம் இருந்துவிட்டுப் போகும். ஸ்கேன் நார்மல் என்று வந்தவருக்கும் இது உண்டு, ஆகவே "நடிக்கிறான்" என்று சொல்லாதீர்கள். வயசானவர்கள் விழுந்து ஒரு மாதம் கழித்து நடை தள்ளாடினாலும் அந்தப் பழைய அடியை டாக்டரிடம் சொல்லுங்கள், மெதுவாகக் கசிந்து கட்டுகிற ரத்தமும் உண்டு.

வார விடுமுறைக்கு பைக்கில் வருகிற பையன்கள் காலையில் டிஸ்சார்ஜ் ஆகும்போது ஓட்டிக்கொண்டு இறங்கலாமா என்று தவறாமல் கேட்பார்கள். கூடாது தம்பி. வண்டியை இங்கே யார் வீட்டிலாவது நிறுத்திவிட்டு பஸ்ஸில் போ, டாக்டர் சரி என்றபிறகு வந்து எடுத்துக்கொள்.