பத்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே

19 செப்டம்பர் 2025, வெள்ளி

மார்பில் ஊசி இறக்கிச் சதை எடுத்துச் சோதிக்கத் தேதி கிடைத்துவிட்டது. 30ஆம் தேதி காலை எட்டு மணிக்கு ஈப்போவில் இருக்க வேண்டும். அன்றைக்குப் பவுடர், சென்ட் எதுவும் போடக்கூடாது. மீன் எண்ணெய் மாத்திரையை ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொன்னார் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். துணைக்கு ஆள் வர வேண்டும்.

தீபாவளி 20 அக்டோபர். தைக்க வந்த துணி கட்டில் வரைக்கும் ஏறிவிட்டது.

20 செப்டம்பர், சனி

புரட்டாசி முதல் சனி. பெருமாள் கோயிலுக்குப் போகவில்லை. யாராவது முகத்தைப் பார்த்து என்னம்மா என்று கேட்டால் அங்கேயே அழுதுவிடுவேன்.

22 செப்டம்பர், திங்கள்

மெமோகிராம் ரிசல்ட் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பைராட்ஸ் 4பி. மார்புப் படத்தைப் பார்த்துப் போடுகிற தர எண் அது. டாக்டரம்மா அன்றைக்கு நிதானமாக விளக்கினார். மலாய்க்காரப் பெண், என் மகளைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். 0 என்றால் படம் போதவில்லை. 1, 2 என்றால் பயமில்லை. 3 என்றால் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். 5 என்றால் பெரும்பாலும் அதுதான். 4 மட்டும் மூன்றாகப் பிரிகிறது: 4ஏ என்றால் புற்றாக இருக்க 2 முதல் 10 விழுக்காடு வாய்ப்பு, 4பி என்றால் 10 முதல் 50, 4சி என்றால் 50 முதல் 95.

10 எங்கே, 50 எங்கே? காலையில் எழுந்து வாசல் கூட்டும்போது நான் பத்தில் இருக்கிறேன். விளக்கை அணைத்ததும் ஐம்பதுக்குப் போய்விடுகிறேன்.

கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. வலியும் இல்லை. படத்தில்தான் இடது பக்கம், அக்குள் ஓரமாக, கறுப்புத் துணியில் உப்பைச் சிந்தியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள். சுண்ணாம்புப் படிவு என்றார். தனித்தனியாகச் சிதறியிருந்தால் கவலைப்பட மாட்டார்களாம். என்னுடையது ஓரிடத்தில் கூடி நிற்கிறது. எல்பிபிகேஎன் என்கிற அரசுக் குடும்ப நல வாரியத்தின் உதவியில் எடுக்கலாம், வா என்று அண்ணி இழுத்துக்கொண்டு போனதால்தான் எடுத்தேன். அண்ணிக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. அவர் இப்போது என்னைப் பார்க்கவே சங்கடப்படுகிறார்.

24 செப்டம்பர், புதன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டாம் என்றார் இவர். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எத்தனை நாள் மறைப்பது?

சுண்ணாம்பு என்ற சொல்தான் அம்மா காதில் ஏறியது. நான் அவரோடு சேர்ந்து வெற்றிலை போட்டதால்தானா என்று கேட்டார். இல்லைம்மா, சாப்பிடுகிற சுண்ணாம்புக்கும் பாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, டாக்டரிடம் கேட்டுவிட்டேன் என்றேன். தலையாட்டினார். சாயங்காலம் பார்த்தால் வெற்றிலைப் பெட்டியைக் கழுவி, துடைத்து, அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறார். எழுபத்தெட்டு வயதில். எனக்காக.

அப்புறம் பெரியம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எல்பில் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலம். பெரியம்மா மார்பில் கட்டி வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு பிரட்டுக்கு, காலையில் பெயர் கொடுக்க, போனாராம். புண் உடைந்து வாடை வந்த பிறகுதான் லயத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. அந்தத் துணிகளை விடிவதற்குள் ஆற்றில் அலசிக் கொண்டுவந்தது அம்மா. "வெக்கப்பட்டே செத்தா" என்றார். இதுவரை பெரியம்மாவுக்கு ஏதோ காய்ச்சல் என்றுதான் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

26 செப்டம்பர், வெள்ளி

தள்ளிப் போட்டுவிட்டார்கள். 7 அக்டோபர். படமெடுக்கும் இயந்திரத்தைப் பழுது பார்க்கிறார்களாம். போனில் பேசிய பெண் மன்னிப்புக் கேட்டது. அதனிடம் கத்தி என்ன பயன்? போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று கத்தினேன்.

27 செப்டம்பர், சனி

ஐம்பது.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூசை. மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்தேன். இன்ச் டேப், கத்தரிக்கோல், அளவு நோட்டு எல்லாவற்றுக்கும் பொட்டு. இவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டி மிதித்தார். இன்றைக்குத் தைக்கக்கூடாது. கை சும்மா இருந்தால் அங்கேயே போய்த் தடவுகிறது.

3 அக்டோபர், வெள்ளி

சாலாக்கிலிருந்து வரும் அக்காவுக்கு நானே போன் செய்தேன். அவருடைய பிளவுஸுக்கு இடது பக்கம் உள்ளே ஒரு பை வைத்துத் தைப்பேன், பஞ்சு திணிக்க. முதன்முதலில் கேட்டபோது தலை குனிந்து நின்றார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கதவைச் சாத்திவிட்டு அளவெடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். இன்று எனக்கு இன்னது என்று சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சரமாரியாகப் பேசினார்.

"மரத்துப் போக ஊசி போடுவாங்க, அது சுருக்குன்னு இருக்கும். அப்புறம் இழுக்கிற மாதிரி இருக்கும், வலிக்காது. ரிசல்ட் வர வரைக்கும்தான் தங்கச்சி பாடு. வந்துட்டா என்ன செய்யணும்னு சொல்லிடுவாங்க, நாம செஞ்சுட்டுப் போவோம்."

இத்தனை வருடம் என் கையில் அளவு கொடுத்தவர், இன்றைக்குத்தான் என்னோடு பேசினார்.

மத்தியானம் ஒரு பெண் பிளவுஸுக்கு அளவு கொடுக்க வந்தது. நாற்பது தாண்டியிருக்கும். டேப்பைச் சுற்றிப் பிடித்தபடியே, மெமோகிராம் எடுத்திருக்கிறாயாம்மா என்று கேட்டுவிட்டேன். அது பதறி, எனக்கு ஒன்றும் இல்லையே அக்கா என்றது. எனக்கும் ஒன்றும் தெரியவில்லைதான், படத்தில்தான் வந்தது என்றேன். வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. இனி அளவுக்கு வருகிற எல்லாரிடமும் கேட்கப் போகிறேன். கோபித்துக்கொண்டு வேறு தையல்காரியிடம் போனாலும் போகட்டும்.

5 அக்டோபர், ஞாயிறு

மகள் ஷா ஆலமிலிருந்து வந்துவிட்டாள். பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். மார்பை அழுத்திப் பிடித்து இரண்டு கோணத்தில் படமெடுத்து, புள்ளி இருக்கும் இடத்தைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்ட பிறகுதான் ஊசி இறங்குமாம். எடுத்த சதையையும் அங்கேயே எக்ஸ்ரே பிடித்து, சுண்ணாம்பு அதில் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்களாம். அடையாளத்துக்குச் சின்னதாக ஒரு உலோகத் துண்டை உள்ளேயே விட்டுவிடுவார்களாம். அந்தத் துண்டைக் கேட்டதும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

6 அக்டோபர், திங்கள்

இவர் பேசவே மாட்டேன் என்கிறார். காருக்கு எண்ணெய் அடித்துவிட்டு வந்தார், டயரைப் பார்த்தார், மறுபடி டயரைப் பார்த்தார். ராத்திரி, "என்ன வந்தாலும் சேர்ந்துதான் போவோம்" என்றார். கல்யாணமானதிலிருந்து இவர் இப்படி ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை.

7 அக்டோபர், செவ்வாய்

முடிந்தது. அக்கா சொன்னபடிதான், ஊசி சுருக்கென்றது, மற்றது வலிக்கவில்லை. அசையாமல் இருப்பதுதான் பெரும்பாடு. கழுத்தைத் திருப்பியபடி சுவரில் இருந்த மலாய் எழுத்துகளையே படித்துக்கொண்டிருந்தேன், எதுவும் மண்டையில் ஏறவில்லை. மிஸ்ஸி என் தோளில் கை வைத்தபடியே நின்றார். பிறகு காயத்தை வெகுநேரம் அழுத்திப் பிடித்தார். படத்தில் சுண்ணாம்பு வந்திருக்கிறது, சரியான இடத்தில்தான் எடுத்திருக்கிறோம் என்றார்கள். ரிசல்ட் 22ஆம் தேதி.

திரும்பும்போது ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

9 அக்டோபர், வியாழன்

ஊசி இறங்கிய இடத்தில் பெரிய நீலம். பனி ஒத்தடம். கனமாக எதையும் தூக்கக்கூடாது. மகள் கொக்கி தைக்கிறாள், வரிசை கோணல், பிரித்து மறுபடி தைக்கிறாள்.

11 அக்டோபர், சனி

பத்து. இன்றைக்கு முழுக்கப் பத்து. அம்மாவை நானே கெஞ்சி ஒரு வெற்றிலை போட வைத்தேன்.

14 அக்டோபர், செவ்வாய்

போன் வந்தது. 22ஆம் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நாளைக் காலையே வாருங்கள் என்றார்கள். ஏன் என்று கேட்டேன். டாக்டர் நேரில் சொல்வார் என்றார்கள். நல்ல செய்தியாக இருந்தாலும் போனில் சொல்ல மாட்டார்கள் அம்மா என்கிறாள் மகள். இவர் நாளைய டிரிப்பை வேறு ஆளுக்கு விட்டுவிட்டார். முடியாத துணிகளை அளவு நோட்டோடு பக்கத்துத் தாமான் தங்கச்சியிடம் கொடுக்கச் சொன்னேன். சாலாக் அக்காவின் பிளவுஸ் மட்டும் இருக்கட்டும், அதை நான்தான்