டைட்டிலில் மைல் கணக்கு எழுதாமல் கார் கைமாறாது

அமெரிக்காவில் பழைய கார் விற்கப்போகும் நம்மவர்களுக்கு. "பத்து வருஷம் தாண்டிடுச்சே, ஓடோமீட்டர் ரீடிங் எதுக்கு?" என்று இன்னமும் கேட்கிறார்கள். அது பழைய கணக்கு. 2021 ஜனவரி முதல் விதி மாறிவிட்டது. 2011 மாடலும் அதற்குப் பிந்தையதும் என்றால் 20 வருஷம்வரை மைலை எழுதிக் கொடுத்தே ஆகணும். 2010-உம் அதற்கு முந்தையதும் என்றால் விலக்கு.

பெரும்பாலும் டைட்டிலிலேயே, அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே, அதற்கு இடம் இருக்கும். மைலை எழுதி, தேதி போட்டு விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட வேண்டும். அவசரத்தில் பலர் சறுக்குவது பக்கத்திலுள்ள கட்டங்களில்தான். "உண்மையான மைலேஜ் அல்ல" என்பதில் தெரியாமல் டிக் அடித்தால், நல்ல வண்டிக்கும் கெட்ட பெயர். விலை சரிந்துவிடும்.

மீட்டரையே மாற்றிய வண்டியா? பழைய எண்ணைப் புதிய மீட்டரில் ஏற்ற முடியாவிட்டால், அதைப் பூஜ்ஜியத்தில் வைத்து, பழைய மைலையும் மாற்றிய தேதியையும் இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டவேண்டும் என்பது சட்டம். அந்த ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள், அழகு அப்புறம்.

வாங்குபவர்களே, டிஜிட்டல் மீட்டரைத் திருத்த முடியாது என்று நம்பவேண்டாம். தாராளமாக முடியும். வருஷத்துக்கு 4,50,000-க்கு மேற்பட்ட வண்டிகள் பொய் ரீடிங்கோடு விற்கப்படுவதாக நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையே மதிப்பிடுகிறது. சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள், பிரேக் பெடல் தேய்மானத்தைப் பாருங்கள். வேண்டுமென்றே ஏமாற்றியது நிரூபணமானால் நஷ்டத்தின் மூன்று மடங்கு அல்லது 10,000 டாலர், எது அதிகமோ அதைக் கோர்ட்டில் கேட்கலாம்.