எறும்பு மருந்தைக் கூட்டி வைத்தால் எறும்பு சாகாது

வாசலில் வரிசை கட்டி வரும் எறும்புகள், அந்தக் கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான். ராணியும் குஞ்சுகளும் பெரும்பாலான வேலைக்காரிகளும் புற்றுக்குள்ளேயே இருக்கின்றன. உணவில் கலந்து எறும்பைத் தின்ன வைக்கும் இரை மருந்து குறிவைப்பது அவற்றைத்தான். தின்ற எறும்பு அங்கேயே சுருண்டு விழக் கூடாது. வயிற்றில் நிரப்பிக்கொண்டு புற்றுக்குப் போய், வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கு ஊட்ட வேண்டும். அதற்கு ஓரிரண்டு நாள் அவகாசம் தேவை. ஆகவே மருந்தின் அளவை வேண்டுமென்றே குறைத்துத்தான் தயாரிக்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் போட்டால் சீக்கிரம் சாகுமே" என்று கூட்டினால், எறும்பு வழியிலேயே செத்துப்போகும், அல்லது வாசனை பார்த்துவிட்டு விலகிப்போகும். புற்று அப்படியே இருக்கும். வீட்டிலுள்ள குழந்தைக்கும் நாய்க்கும் ஆபத்து மட்டும் கூடியிருக்கும்.

கடையில் வாங்கும்போது விளம்பர வாசகத்தை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். ஃபிப்ரோனில் என்றால் பெரும்பாலும் 0.01 முதல் 0.05 சதவீதம் இருக்கும். இண்டாக்ஸாகார்ப், அபாமெக்டின், ஹைட்ராமெத்தில்நான் ஆகியவையும் உண்டு. இனிப்புத் திரவமாக வருபவற்றில் வெண்காரம் (போராக்ஸ்)தான் அதிகம், 5.4 சதவீதம் சேர்த்தவை பரவலாகக் கிடைக்கின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0.05 சதவீத ஃபிப்ரோனில் கலந்த 2 கிராம் இரை உள்ள ஒரு பெட்டியில் மருந்து மொத்தமே 1 மில்லிகிராம். அதை ஒரு நாய் கடித்துத் தின்றால், பெரும்பாலும் மருந்தைவிடத் தொண்டையிலோ குடலிலோ சிக்கும் பிளாஸ்டிக் துண்டுதான் பெரிய கவலை. முயல் வளர்ப்பவர்கள் மட்டும் விதிவிலக்கு: ஃபிப்ரோனில் முயலுக்கு ஆகவே ஆகாது, கூண்டிருக்கும் அறையில் அந்த மருந்தே வேண்டாம்.

உண்மையான ஆபத்து, வீட்டிலேயே இரை கலக்க வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் பவுடர் டப்பாதான். போரிக் பவுடர், அதாவது போரிக் அமிலத் தூள், என்றாலே சாது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. பெரியவர்களுக்கு 15 முதல் 20 கிராம், சிறு பிள்ளைகளுக்கு 5 முதல் 6 கிராம், கைக்குழந்தைக்கு 2 முதல் 3 கிராம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து என்று மருத்துவ நூல்கள் நெடுநாளாகச் சொல்லி வருகின்றன. தட்டிய தேக்கரண்டி ஒன்றில் ஏறக்குறைய 4 கிராம் பிடிக்கும். அதாவது ஒரு சிறு பிள்ளையின் உயிருக்கு ஒன்றரைக் கரண்டியே ஆபத்து. காயமில்லாத தோல் வழியாக அது அவ்வளவாக உள்ளே போகாது. ஆனால் காயம்பட்ட தோலிலும், குழந்தையின் தொடையிடுக்கில் புண்ணாகியிருக்கும் இடத்திலும் நன்றாகவே ஏறும். ஐரோப்பிய ஒன்றியம் போரிக் அமிலத்தை இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யக்கூடிய பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. கர்ப்பமாக இருப்பவர்கள் பவுடரை அளக்கும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவது நல்லது.

வீட்டில் கலப்பதைவிட மூடிய பெட்டியாக வாங்குவதே என் பரிந்துரை. கலந்துதான் ஆக வேண்டும் என்றால் 1 சதவீதம் போதும்: வெதுவெதுப்பான தண்ணீர் 100 மில்லி, சர்க்கரை 20 கிராம், போரிக் அமிலம் 1 கிராம். எறும்பைக் கொல்லும் பொருளான போரான் வெண்காரத்தில் குறைவு என்பதால் அதில் 1.5 கிராம். சமையலறைத் தராசு 1 கிராமைச் சரியாகக் காட்டாது; கால் தேக்கரண்டி தட்டி எடுத்தால் ஏறக்குறைய வந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பவுடர் பறக்காமல் மெதுவாகக் கொட்டுங்கள். சமையல் பாத்திரத்திலும் கரண்டியிலும் கலக்காதீர்கள். தூக்கிப்போடக்கூடிய ஒரு டப்பாவும் குச்சியும் போதும்.

மீதியை என்ன செய்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சர்க்கரைத் தண்ணீர் சில நாளில் பூசணம் பிடிக்கும் என்று குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார்கள். அங்கே அது நிறமில்லாத, இனிப்பான, பெயரில்லாத பானம். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்தால் கேட்கவே வேண்டாம். தேவைக்கு மட்டும் கலந்து, மீந்ததை அன்றே அகற்றிவிடுங்கள்.

வைக்கும் இடத்துக்கு வருவோம். எறும்பு வரிசையைத் துடைக்காதீர்கள். வரிசைக்குக் குறுக்கே வைக்காமல் பக்கத்தில், அவை நுழையும் விரிசலுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். ஓரிடத்தில் பெரிதாக வைப்பதைவிட மூன்று நான்கு இடங்களில் சிறிதாக வைப்பது மேல். ஜெல் என்றால் 3, 4 மில்லிமீட்டர் புள்ளி போதும். ஆனால் கைக்கு எட்டாத பிளவிலும் அலமாரிக்குப் பின்புறமும் மட்டுமே. உணவு தயாரிக்கும் மேடையில் திறந்த ஜெல் கூடவே கூடாது. பஞ்சில் நனைத்து வைக்கும் வழக்கமும் வேண்டாம். தவழும் குழந்தை முதலில் பிடிப்பது அதைத்தான், நாயும் ஒரே விழுங்கில் முடித்துவிடும். வீட்டுக்கு வெளியே திறந்த தட்டில் இனிப்பு மருந்து வைத்தால் தேனீக்களும் வந்துவிடும். எறும்பு மட்டும் நுழையும் அளவு துளையுள்ள மூடிய டப்பாதான் அங்கே சரி.

வைத்த சில மணி நேரத்தில் எறும்பு பல மடங்கு கூடும். பயந்துபோய்ப் பலர் ஸ்ப்ரேயை எடுப்பது இந்தக் கட்டத்தில்தான். கிட்டே குனிந்து பாருங்கள்: துளியின் ஓரத்தில் தலையைக் குத்தி வட்டமாக நிற்கும், குடித்து முடித்ததன் வயிறு பிதுங்கி, பட்டைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய தோல் கண்ணாடி மாதிரி தெரியும். அப்படித் தெரிந்தால் மருந்து வேலை செய்கிறது, கை வைக்காதீர்கள். கூட்டம் மெலிய இரண்டு மூன்று நாளாகும். புற்று அடங்க ஒன்றிரண்டு வாரம் பிடிக்கலாம். அதுவரை திரவம் வற்றவோ ஜெல் மேலே தோல் கட்டவோ விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பக்கத்தில் ஸ்ப்ரே அடித்தாலோ, எறும்பு சாக்பீஸால் கோடு கிழித்தாலோ, வாசனைத் திரவத்தால் தரையைத் துடைத்தாலோ இரை வீண். சாக்பீஸ் இரை மருந்தே அல்ல. பட்டாலே கொல்லும் பைரித்ராய்டு வகையைப் பூசிய கட்டி. பார்க்க எழுதும் சாக்பீஸ் போலவே இருப்பதால் பிள்ளைகள் கையில் கிடைத்தால் ஆபத்து. 2 மில்லிமீட்டர் அளவில் வெளிர் மஞ்சளாக இருக்கும் ஃபாரோ எறும்பு என்றால் ஸ்ப்ரே இன்னும் மோசம்: கலைந்த கூட்டம் பல புற்றுகளாகப் பிரிந்துவிடும். இனிப்பைச் சீண்டவே இல்லை என்றால் மருந்து மட்டம் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு அட்டையில் சர்க்கரைத் தண்ணீரும் எண்ணெய்ப் பசையுள்ள ஏதாவதும் ஒவ்வொரு துளி வைத்து, எது பக்கம் போகிறதென்று பார்த்து இரையை மாற்றுங்கள். குஞ்சுகள் அதிகமாகும் காலத்தில் ஒரே கூட்டம் கொழுப்புக்கும் புரதத்துக்கும் தாவுவதுண்டு.

யாராவது விழுங்கிவிட்டால் வாயில் இருப்பதைத் துப்பச் செய்து, தண்ணீரால் கொப்பளிக்க வைத்து, உடனே நச்சுத் தகவல் மையத்தையோ மருத்துவரையோ கேளுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அந்த உப்பே விஷமாகிவிடும். போரிக் அமிலத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, தோல் சிவந்து உரிதல் எனத் தெரியலாம். ஃபிப்ரோனில் அளவு மீறினால் வலிப்பு வரும். இண்டாக்ஸாகார்ப் ரத்தத்தின் பிராணவாயு சுமக்கும் திறனைக் கெடுத்து உதட்டை நீலமாக்கும். சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் வேறு. எனவே டப்பாவையும் லேபிளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வலிப்பு, மயக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் ஆம்புலன்ஸ்தான். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவ வேண்டும். கசப்பு சேர்த்த மருந்தைக் குழந்தை துப்பிவிடும் என்பது உதவிதான், பூட்டுக்கு ஈடல்ல.

பழைய இரையைக் கழிவறையிலோ பாத்திரம் கழுவும் தொட்டியிலோ ஊற்றாதீர்கள். ஃபிப்ரோனிலும் ஹைட்ராமெத்தில்நானும் நீர்வாழ் உயிர்களுக்குக் கொடியவை. லேபிளில் வேறு வழி சொல்லவில்லை என்றால், தாளில் உறிஞ்ச வைத்து, பையில் கட்டி, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். வைத்த பெட்டிகளை எண்ணி எழுதி வைத்துக்கொண்டால் எடுக்கும்போது அலமாரிக்குப் பின்னால் ஒன்று மறந்து கிடக்காது. ஜெல் சிரிஞ்சை மூடிபோட்டு அதன் உறையிலேயே போட்டுப் பூட்டி வையுங்கள்; ஊசியில்லாத அந்தச் சிரிஞ்ச், பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் சிரிஞ்ச் போலவே இருக்கும்.