ஏழு மணிக்கு மேல்

ஜூலை 1, செவ்வாய்

அப்பாவின் வார்டில் ஏழு அடித்ததும் நர்ஸ் மிசி வந்து, பார்க்க வந்த எல்லாரையும் கிளப்பிவிட்டார். பினாங்கு கொம்தாரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மழை. கடை வாசல் அஞ்சடி நடைபாதையிலேயே ஒதுங்கி ஒதுங்கி நடந்து, ஒரு கதவு திறந்திருக்கிறதே என்று நுழைந்தால் இத்தாலிக்காரச் சாப்பாட்டுக் கடை. வெள்ளை மேசைத்துணி, மெழுகுவத்தி, என் காலில் ரப்பர் செருப்பு. திரும்பிப் போக வெட்கமாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

மெனுவில் பாதி நமக்கு ஆகாது. பொலோன்யேஸ் மாடு. லசான்யாவும் மாடு. கார்போனாரா கேட்டேன், பேக்கன் என்ன பேக்கன் என்றும் கேட்டேன், பீஃப் என்றான் பையன். இத்தாலியில் அது பன்றித் தாடை இறைச்சி, முட்டை, சீஸ், மிளகு, அவ்வளவுதான், க்ரீம் கிடையாது. இங்கே ஹலாலுக்காகப் பன்றியை எடுத்துவிட்டு மாட்டைப் போட்டு, க்ரீமையும் ஊற்றிவிட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது நாம். கடைசியில் நமக்கு மிஞ்சுவது கடல் சாமான்தான். வொங்கோலே என்று ஒன்று சொன்னேன். வந்து பார்த்தால் லாலாச் சிப்பி! நம்ம பசார் லாலா, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் காய்ந்த மிளகாயும் போட்டு. 48 மலேசிய வெள்ளி. சர்வீஸ் பத்து விழுக்காடு, வரி ஆறு, ஆகமொத்தம் 55.70.

அப்பாவிடம் சொல்லக் கூடாது.

ஜூலை 2

சொல்லிவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

அப்பா நேற்று கேட்டதும் முறைத்தார், அதோடு விட்டுவிட்டார் என்று நினைத்தேன். இன்று போய் உட்கார்ந்ததும் தாளைக் கேட்டார். இடது கையால் எழுதுவதால் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. 'லாலாவுக்கு 48?' பிறகு, 'மண்?'

இருந்தது. ஒரே ஒரு சிப்பியில். கடைவாயில் நறுக்கென்று. அதைச் சொன்னதும் வாயின் இடது ஓரம் மேலே போனது. அப்புறம் எழுத ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. உப்புத் தண்ணீரில், இருட்டில், இரண்டு மூன்று மணி நேரம் போட்டால் தானாகத் துப்பிவிடும். குழாய்த் தண்ணீரில் போட்டால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு மண்ணோடு செத்துப்போகும். இவ்வளவையும் எழுத அரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் பால் ஏற்ற மிசி வந்தார், அந்த மூக்குக் குழாயைப் பார்க்காத மாதிரி நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாளின் அடியில்: 'நாளைக்கு மீன் சாப்பிடு. வந்து சொல்லு.'

ஜூலை 4

அப்பாவுக்கு விழுங்கும் சோதனை இன்று இல்லையாம். அடுத்த வெள்ளிக்கிழமை. ஏன் என்று கேட்டேன், ஆள் லீவாம். சரி.

மீன் சாப்பிடவில்லை. ரொட்டி சானாய்.

ஜூலை 5, சனி

அத்தையைக் கூட்டிக்கொண்டு தெலுக் கும்பார் பக்கம் போனேன். கடலோரக் கடை, பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேலே பாயான் லெப்பாஸில் இறங்குகிற விமானம் ஒன்றன் பின் ஒன்றாக. தெற்கே கடலில் மண்ணைக் கொட்டித் தீவு கட்டுகிறார்களே, இருட்டிவிட்டதால் அது தெரியவில்லை, விளக்குகள்தான் தெரிந்தன. 'உங்கப்பன் இதைப் பார்த்தா ஒரு மாசம் திட்டுவான்' என்றார் அத்தை. பார்க்காமலே திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

வெள்ளை வௌவால் மீன், தியோச்சூ சீனப் பாணியில் அவித்தது. உப்புக்காய், புளிப்பு பிளம், தக்காளி, இஞ்சி. அடேயப்பா. அப்பாவுக்குச் சொல்ல வேண்டுமே என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன்: கண் வெளியே துருத்திக்கொண்டு வெள்ளை உருண்டையாக நின்றது, துடுப்பு விறைத்திருந்தது, முள்ளை ஒட்டிய சதை கண்ணாடிபோல இருந்து, தட்டில் இருக்கிற சூட்டிலேயே வெள்ளையாகிக்கொண்டிருந்தது. தலைப்பக்கம் முழுக்க அத்தைக்கு. கம் ஹியோங் நண்டும் ஒன்று, கருவேப்பிலையும் காய்ந்த இறாலும் போட்டு வறுத்தது, சீனன் சமையலில் கருவேப்பிலை எங்கிருந்து வந்தது என்று யாரைக் கேட்பது, பக்கத்து வீட்டு வேலியிலிருந்துதான் வந்திருக்கும்.

பில் வந்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. வௌவால் நூறு கிராம் 18 வெள்ளி. எடை 780 கிராம். 140.40.

ரெண்டு பேருக்குச் சின்னதாகப் போதும் என்றுதான் சொன்னேன். தராசை நான் பார்க்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

அப்பா கையை நீட்டச் சொன்னார். தட்டில் மீன் எவ்வளவு நீளம் என்று என் கையில் அளந்து காட்டச் சொன்னார். காட்டினேன். அகலம்? காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு எழுதினார்: 'ஒரு காத்தி.'

600 கிராம். அப்படிப் பார்த்தால் 108 வெள்ளிதான். 32.40 அதிகம்.

அதற்குக் கீழே, பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி: 'தராசைப் பார்க்க மாட்டியா?'

முப்பது வருடம் சௌராஸ்தா மார்க்கெட்டில் மீன் தராசுக்கு இந்தப் பக்கம் நின்ற மனிதரின் மகள் தராசைப் பார்க்கவில்லை. ராத்திரி பூரா இதேதான். 32 வெள்ளி 40 காசு. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணி டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கிறான், நான் வௌவால் எடையைச் சொல்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

பாரம்பரிய நகர நாள், பினாங்குக்கு மட்டும் விடுமுறை. 2008-ல் இதே தேதியில்தான் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. தெருவெல்லாம் கூட்டம். ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் சுவரோவியத்தோடு படம் எடுக்க வரிசை. 2012-ல் வரைந்தது, வெயிலிலும் மழையிலும் மங்கிவிட்டது, வரிசை மட்டும் மங்கவில்லை.

இத்தாலிக்காரன் கடை பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். நாங்கள் இருந்த வீடும் இதே மாதிரிதான், நடுவில் வானம் தெரிகிற முற்றம், மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே மழை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போனதும் 2000-ல் ஆயர் ஈத்தாமுக்கு மாறினோம். அந்த வீடு இப்போது காப்பிக் கடையா ஹோட்டலா என்று போய்ப் பார்க்கவில்லை. பார்க்கவும் வேண்டாம்.

ஜூலை 8

அப்பாவுக்குச் சளி. உறிஞ்சி எடுத்தார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

ஜூலை 9, புதன்

இன்னொரு இத்தாலிக் கடை, இது கொஞ்சம் மலிவு. ஃப்ருட்டி டி மாரே. அப்படியென்றால் கடலின் பழங்கள் என்று பையன் விளக்கினான். இறால், சோத்தோங் கணவாய், லாலா, மஸ்ஸல், எல்லாம் தக்காளிச் சாற்றில். சோத்தோங் மட்டும் ரப்பர், ஒரு நிமிடத்தில் எடுத்திருக்க வேண்டும். சீஸ் துருவட்டுமா என்று வேறு வந்து நின்றான். மீனுக்கு மேலே சீஸ் போட்டால் இத்தாலிக்காரர்கள் அடிக்க வருவார்களாம், வேண்டாம் என்றேன். மண் இல்லை. இதை முதலில் சொல்ல வேண்டும்.

சொன்னேன். 'கடல் பழம்' என்றதும் மூச்சுத் திணறுகிற மாதிரி ஒரு சத்தம். பயந்துபோய் மிசியைக் கூப்பிட்டேன். சிரிக்கிறார் என்றார் மிசி.

பிறகு எழுதினார். எத்தனையோ ஹோட்டலுக்கு மீன் போட்டிருக்கிறாராம், ஒரு மேசையில்கூட உட்கார்ந்ததில்லையாம். பின்வாசலோடு சரி.

ஜூலை 10

மெகி. முட்டைகூடப் போடவில்லை.

ஜூலை 11, வெள்ளி

விழுங்கும் சோதனைக்கு வந்தது சின்னப் பெண்தான், சீனப் பிள்ளை, மலாயில் பேசினாள். படுக்கையை நிமிர்த்தி உட்கார வைத்தாள். தண்ணீரில் பவுடர் கலந்து கஞ்சி மாதிரி கெட்டியாக்கினாள். டீ ஸ்பூனில் பாதி. அவர் தொண்டையில் நான்கு விரல் வைத்து, 'தெலான், பாக்சிக், தெலான்.' விழுங்குங்கள் ஐயா.

தொண்டைக் குமிழ் ஏறவில்லை. ஏறவில்லை. ஏறியது.

ஆ சொல்லுங்கள் என்றாள். குரலில் ஈரம் இருக்கிறதா என்று கேட்கிறாளாம். ஆ. இன்னொரு ஸ்பூன். ஆ. மூன்றாவதில் இருமல், கொஞ்சம் நிறுத்தினாள். நான்காவது கொடுக்கும்போது நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆ.

குழாய் இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து ஸ்பூன் வரை, கெட்டியாக்கி, அவள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். சனிக்கிழமையும் வருவாளாம். வீட்டிலிருந்து ஏதாவது கொண்டு வரலாமா என்றேன். வடிகட்டியது, காரம் இல்லாதது, உப்பு குறைவாக.

அப்பா அதற்குள் எழுதிவிட்டார்: 'லாலா தண்ணி.'

ஜூலை 12, சனி

காலை ஆறரைக்கு சௌராஸ்தா. அப்பாவின் பக்கத்துக் கடைக்காரர் இன்னும் இருக்கிறார், அண்ணன் எப்படி இருக்காரு என்று கேட்டுக்கொண்டே லாலாவை அள்ளித் தட்டில் போட்டு, தராசை என் பக்கம் திருப்பி வைத்தார். அரைக் கிலோ. காசு வாங்க மாட்டேன் என்றார், பலகைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

அத்தை வீட்டுச் சமையலறையில் வாளி, உப்புத் தண்ணீர், மேலே துண்டு. பதினொன்றுக்கெல்லாம் இரண்டு தடவை துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். வெள்ளையாக நாக்கு நீட்டியிருக்கிறது, வெளிச்சம் பட்டதும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. சும்மா விடு, நீ பார்த்துக்கிட்டே இருந்தா அது எப்படித் துப்பும் என்கிறார் அத்தை.

வாளியின் அடியில் கொஞ்சம் மண் தெரிகிறது.