கத்தியோடு கறிக்கட்டையும் போகணும்

பெங்களூர் அல்சூரில் இருந்து சமையல் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். 2024 நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16-ல் வந்ததுமே ஓசூர் ரோட்டில் சோதனை கெடுபிடியாகிவிட்டது. 50,000 ரூபாய்க்கு மேல் கையில் இருந்தால்தானே கணக்குக் கேட்பார்கள், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

கிருஷ்ணகிரி பக்கம் குலதெய்வக் கோயிலில் ஒரு காதுகுத்து. நாலு கெடா, பிரியாணி. அண்டா, கரண்டி, கறிக்கட்டை எல்லாம் முந்தின நாள் சாயங்காலமே குட்டியானை லோடு வண்டியில் போய்விட்டன. கத்திகளை மட்டும் நான் யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன். சாணை பிடித்த வாய் அண்டாவில் உரசினால் வேலைக்கு ஆகாது. அதனால் எலும்பு வெட்டும் கத்தி இரண்டு, கறி அரிகிற கத்தி நாலு, விறகுக்கு ஓர் அரிவாள், எல்லாவற்றையும் ரெக்சின் பையில் சுற்றி ஆம்னி வண்டி சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன்.

விடிகாலை நாலு மணிக்கு நிறுத்தினார்கள். பையைத் திறந்த போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போனார். "மச்சு!" என்றார். கன்னடத்தில் வெட்டரிவாள். பெங்களூரில் ரவுடி கேஸ் என்றாலே முதலில் வருகிற வார்த்தை அது. அரிவாள் பிடி வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூப் சுற்றியிருந்தேன். டார்ச் அடித்து அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடுகே கெலசா சார்" என்றேன். சமையல்காரன் என்றால் பாத்திரம் எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வண்டியில் ஒரு கரண்டிகூட இல்லை.

கூட வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது. அவனைத் தனியாகக் கூட்டிப்போய் விசாரித்தார்கள். திரும்பி வந்தபோது அவன் கை நடுங்கியது. அது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

குட்டியானை டிரைவருக்கு வீடியோ கால் போட்டு அண்டாவையும் கறிக்கட்டையையும் காட்டச் சொன்னேன். புளியமரக் கட்டை, வெட்டி வெட்டி நடுவில் குழி விழுந்து, கொழுப்பு ஊறிக் கறுத்துப்போனது. அதைப் பார்த்த பிறகுதான் எஸ்.ஐ. முகம் மாறியது. காதுகுத்துப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் வரவழைத்தோம். பேர், வண்டி நம்பர் எழுதிக்கொண்டு விட்டபோது ஐந்தரை.

என்னிடம் வழக்கமாக ஆர்டர் கொடுக்கும் ஒரு வக்கீல் பிறகு விளக்கினார். 2016 ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதப் பட்டியலில் வரும். வீடு, விவசாயம், தொழிலுக்கென்று செய்ததற்கு விலக்கு உண்டு. என் எலும்புக் கத்தியின் அகலம் மட்டுமே நாலு அங்குலம். ஆக, இது தொழிலுக்குத்தான் என்று அந்த இடத்திலேயே தெரிய வேண்டும். தேர்தல் நேரத்தில் தடை உத்தரவும் இருக்கும், இன்னும் கவனமாக இருக்கணும் என்றார்.

இப்போது கத்தியும் கட்டையும் ஒரே வண்டியில்தான் போகும். சாக்கில் சுற்றி, சணல் கட்டி, அண்டாவுக்குள். பத்திரிகை, அட்வான்ஸ் ரசீது, சாமான் பட்டியல் மூன்றும் டேஷ்போர்டில். நிறுத்தியதும் அவர்கள் தேடும் முன்னே "கத்தி இருக்கு சார்" என்று நானே சொல்லிவிடுவேன். பையனைப் பேச விடுவதில்லை.

போன மாதம் அதே ரோட்டில் ஒரு ஏட்டு கட்டையைத் தட்டிப் பார்த்து, "எஷ்டு குரி?" என்றார், எத்தனை ஆடு என்று. "மூரு, சார்" என்றேன். சாக்கை அவிழ்க்கவே சொல்லவில்லை.