ஜெயிச்சவர் படம் வாங்குவதில்லை: ஒரு குன்னூர் நாட்குறிப்பு

11 ஜனவரி 2025, சனி

லென்ஸ் பெட்டிக்குள் இருக்கும் ஈரமானி இன்று 58 காட்டியது. 50-ஐத் தாண்டினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். குன்னூரில் லென்ஸ் வைத்திருக்கிறவன் பூஞ்சையோடுதான் குடும்பம் நடத்த வேண்டும். வடகிழக்கு மழை போய்விட்டது, சுவர் இன்னும் காயவில்லை. காற்றுப் புகாத பெட்டியில் ஈரப்பதம் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் கண்ணாடிக்குள் பூஞ்சை நூல் ஓடாது. சிலிக்கா ஜெல்லை இதற்கென்றே ஒதுக்கிய பழைய வாணலியில் கொட்டி, அடுப்பைச் சிம்மில் வைத்துக் கிளறினேன். ஈரம் குடித்துப் பச்சையாகிக் கிடந்தது மெல்ல ஆரஞ்சுக்குத் திரும்பியது. அம்மா எட்டிப் பார்த்து, "மறுபடியும் கல்லு வறுக்க ஆரம்பிச்சுட்டியா? சம்பாதிக்கிறது கேஸுக்கே போயிரும்டா" என்றாள்.

19-ஆம் தேதி டிரெயில் ஓட்டம், அதாவது மலைப்பாதையில் ஓடும் பந்தயம். படம் எடுப்பது நான். கேத்திப் பள்ளத்தாக்கைச் சுற்றி, தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் ஊர்ச் சாலையிலும். காப்புக்காட்டுக்குள் கால் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் இங்கே பெரும்பாலான ஓட்டங்கள் காட்டின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும்தான் போகும்.

ஒப்பந்தம் மெயிலில் வந்திருக்கிறது. படங்களின் உரிமை பற்றி ஒரு வரி இல்லை. அவர்கள் மறந்திருக்கலாம். ஆனால் பதிப்புரிமைச் சட்டம் 1957, 17-ஆம் பிரிவு மறக்காது: காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். எடுத்தவன் இல்லை. இந்தத் தொழிலுக்கு வரும் பையன்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. "நான் க்ளிக் பண்ணேன், என்னோடது" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். உரிமை எனக்கு, விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள அவர்களுக்கு அனுமதி, ஓடியவர்களுக்குத் தனித்தனியாக விற்பது நான் என்று மூன்று வரி சேர்த்துத் திருப்பி அனுப்பினேன்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து. காசு இல்லை, சாப்பாடு உண்டு. அரையிறுதியில் மைதானத்துக்குள் மேகம் இறங்கிவிட்டது. ஆட்டோஃபோகஸ் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் தவித்தது. கோல் கம்பத்தின் மேல் ஃபோகஸை நிறுத்திப் பூட்டிவிட்டு, வருகிறவன் அங்கே வரட்டும் என்று காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பையன் புதுக் கேமராவில் எலக்ட்ரானிக் ஷட்டரை வைத்துச் சத்தமில்லாமல் சுட்டுத்தள்ளிக்கொண்டிருந்தான். பந்தெல்லாம் முட்டை வடிவில் விழுந்திருந்தது. சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். அதற்குள் பந்து நகர்ந்துவிடும். மெக்கானிக்கலுக்கு மாற்றச் சொன்னேன். "சத்தம் வருமேண்ணா" என்றான். கால்பந்தாட்டத்தில் யாருக்குடா கேட்கப்போகிறது?

17 ஜனவரி, வெள்ளி

இடம் பார்க்கும் நாள். என் சம்பளத்தில் பெரும்பகுதி நியாயமாக இதற்குத்தான் சேரவேண்டும்.

பாதை ஒரு செங்குத்தான தேயிலைச் சரிவில் ஏறுகிறது. கீழே கேத்தி ஊர், எதிரே மலை, நடுவில் சில்வர் ஓக் வரிசை. காட்சி என்று பார்த்தால் அங்கேதான் நிற்கவேண்டும், ஒருங்கிணைப்பாளரும் அதைத்தான் சொன்னார். ஆனால் ஏற்றத்தில் யாரும் ஓடுவதில்லை. முழங்காலில் கையை ஊன்றி, தலையைத் தொங்கப்போட்டு நடப்பார்கள். தன்னை அப்படிப் பார்க்க யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். ஏற்றம் முடிந்து முப்பது மீட்டர் தள்ளி பாதை லேசாக இறங்கும் இடத்தில் ஒரு வளைவு இருக்கிறது. அதற்குள் மூச்சு திரும்பியிருக்கும், "அப்பாடா" என்று முகம் விரிந்திருக்கும், கால் தானாக ஓடும். பின்னணியில் வெறும் தேயிலைதான், பரவாயில்லை. சூரியன் ஆறே முக்காலுக்கு உதித்தாலும் கிழக்கு முகட்டைத் தாண்டி இந்த வளைவுக்கு வெளிச்சம் வர ஏழேகால் ஆகிறது. அதற்குள் முன்னணி ஆட்கள் நிழலிலேயே போய்விடுவார்கள். பின்னால் வருகிறவர்களுக்குத்தான் நல்ல வெயில்.

இதை ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னபோது அவருக்கு அது குறையாகப் பட்டது. எனக்கு அப்படியில்லை. இத்தனை வருஷத்தில் நான் கண்டது: ஜெயிக்கிறவர் படம் வாங்குவதில்லை. அவரைத்தான் எல்லோரும் எடுக்கிறார்களே, கேட்டால் சும்மா கிடைக்கும். காசு கொடுத்து வாங்குவது நடுவில் வருகிறவர்களும் கடைசியில் வருகிறவர்களும்தான். அலுவலகத்தில் காட்ட வேண்டும், பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும். அவர்களுக்கு முகம் தெளிவாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு கோரிக்கைகள் வைத்தார். ஒன்று, டிரோன். வெலிங்டனில் ராணுவம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, மிச்சத்தில் வனத்துறை. எங்கே பறக்கவிடுவது என்று வரைபடத்தில் காட்டச் சொன்னேன். இரண்டாவது, மலை ரயிலும் ஓட்டக்காரரும் ஒரே படத்தில். தண்டவாளத்தில் யாரையும் ஓடவிட மாட்டேன், அது ரயில்வே சட்டப்படி குற்றம். வேலிக்கு வெளியே பாதை ரயிலை ஒட்டி வரும் இடத்தில் வாய்த்தால் எடுக்கிறேன். வாய்க்காது, அது வேறு விஷயம்.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் சோலையோரத்தைக் காட்டி, "ஒத்தைக் காட்டுமாடு ஒண்ணு நாலு நாளா அங்கியே நிக்குது, பாத்துக்கங்க" என்றார். ஒத்தை என்றால் கவனமாகத்தான் இருக்கவேண்டும். ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிப் பாதையை அங்கிருந்து தள்ளிக் கீழே இறக்க வைத்தோம்.

19 ஜனவரி, ஞாயிறு

இரவு பதினொன்றாகிவிட்டது, ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

நாலரைக்குக் கேத்தி பாலாடா போனபோது புல்லெல்லாம் உறைபனி. பேட்டரிகளைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருந்தேன். குளிரில் லித்தியம் பேட்டரி பாதியிலேயே தீர்ந்ததுபோல் நடிக்கும். கதகதப்புக் கொடுத்தால் திரும்ப எழுந்துவிடும்.

ஐந்தரைக்கு ஐம்பது கிலோமீட்டர்க்காரர்கள் தலைவிளக்கோடு கிளம்பினார்கள். பாதை ஒரு கேரட் தோட்டத்தின் மேல்வரப்பில் போகிறது. கீழே தோட்டத்தில் இன்னொரு தலைவிளக்குக் கூட்டம்: கேரட் பிடுங்குகிற பெண்கள். விடியும் முன்னே பிடுங்கி, பாலாடாவில் இயந்திரத்தில் போட்டுக் கழுவி, லாரி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்பியாக வேண்டும். என் பக்கத்தில் குந்தியிருந்த அக்கா மேலே ஓடும் விளக்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் தம்பி, எங்கே ஓடுறாங்க இவங்கெல்லாம்?"

"ஓட்டப்பந்தயம்க்கா."

"ஜெயிச்சா எவ்வளவு குடுப்பாங்க?"

"முதல்ல வர்ற ரெண்டு மூணு பேருக்கு ஏதாவது குடுப்பாங்க. மத்தவங்க கட்டின காசுலதான் அதுவும்."

"காசு கட்டியா ஓடுறாங்க?"

திரும்பி அடுத்தவரிடம் சொன்னார். அவர் அதற்கடுத்தவரிடம். செய்தி வரிசை நெடுகப் போவது சிரிப்புச் சத்தத்திலேயே தெரிந்தது. கை மட்டும் நிற்கவில்லை. இடது கை இலைக்கொத்தைச் சேர்த்துப் பிடிக்க, வலது கை வேரோரம் மண்ணை நெகிழ்த்த, ஒரு சின்னத் திருகலில் கேரட் வெளியே வந்தது. உறைபனி மண்ணில் விரல் நுனியெல்லாம் வெளிறிப்போயிருந்தது.

கேமராவை ஒரு கல்மேல் வைத்து, ஷட்டரை அரை வினாடிக்கு விட்டேன். ஓட்டக்காரர்களின் விளக்கு கோடாக இழுபட்டது. குந்தியிருந்தவர்களின் விளக்கு புள்ளியாக நின்றது. இந்தப் படம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒருவருக்கும் முகம் தெரியாது, ஒன்றுகூட விற்காது.

அப்புறம் வளைவுக்குப் போய்விட்டேன். ஷட்டர் எண்ணூறில் ஒரு வினாடி, நாலு நாலு ஃப்ரேமாகச் சின்னச் சின்ன பர்ஸ்ட். விரலை அழுத்திப் பிடித்தே வைத்திருந்தால் இரவு உட்கார்ந்து பொறுக்குவது யார்? முதல் ஆள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். கன்னம் ஒட்டி, கண் பத்தடி முன்னால் குத்தி நின்றது. ஏழேகாலுக்கு வெயில் சரியாக வந்தது, நடுக்கூட்டமும் வந்தது. தூரத்திலேயே கேமராவைப் பார்த்துவிட்டால் நடக்கிறவர்கள்கூட ஓடத் தொடங்குவார்கள். பாதிப் பேர் இரண்டு கையையும் தூக்குவார்கள், ஒருவர் கட்டாயம் குதிப்பார். அதையும் எடுப்பேன்.

ஒன்பது மணி வாக்கில் ஃபோன். "சார், ஷார்ட் டிஸ்டன்ஸ்ல ஃபர்ஸ்ட் ஆள் ஃபினிஷுக்கு வரார், எங்க இருக்கீங்க?" ஃபினிஷில் தம்பி நிற்கிறான் என்றேன். "நீங்க வரமாட்டீங்களா?" வரமாட்டேன். இந்த வளைவுக்கு இன்னும் முந்நூறு பேர் வரவேண்டியிருக்கிறது.

கடைசியாக வந்தவர்களில் ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா. ஷூவில் சேறு, துப்பட்டாவைக் குறுக்கே கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "நடந்துதான் வர்றேன் தம்பி. ஓடணுமா?" ஓடிக் காட்டுங்கள் என்று நான் யாரையும் சொல்வதில்லை. அவர்களாக என்ன செய்தாலும் அது அவர்கள் ஓட்டம். "உங்க இஷ்டம்மா" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப நடந்தே வர்றேன்" என்று இடுப்பில் கையை வைத்து, கல்யாண வீட்டுக்கு வருகிறவர்போல நிதானமாக வந்தார்.

வீட்டுக்குள் நுழையும் முன் கேமராவைத் தடிமனான ஜிப் பைக்குள் போட்டுக் காற்றை அழுத்தி மூடினேன். சில்லென்ற கேமரா சூடான அறைக்குள் வந்தால் ஈரம் கண்ணாடியில் படியும். பைக்குள் இருந்தால் பைக்கு வெளியே படியும். பிளாஸ்டிக்குக்குத் தடை உள்ள மாவட்டத்தில் இந்த ஒரு பையை நான் சொத்துப்போலப் பாதுகாக்கிறேன்.

20 ஜனவரி, திங்கள்

பொறுக்கல். பாதிப் பேர் குளிருக்காக ஜெர்கின் போட்டு மார்பு எண்ணை மறைத்துவிட்டார்கள். எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்காது. இப்போது செல்ஃபி ஏற்றினால் முகத்தை வைத்துத் தேடித்தரும் மென்பொருள் இருக்கிறது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டவர்களிடம் அதுவும் கையை விரிக்கிறது.

ஃபினிஷில் தம்பி எடுத்ததைப் பார்த்தேன். அவன் மேல் குற்றமில்லை. ஃபினிஷ் தோரணத்துக்கு அடியில் வரும்போது எல்லோரும் வாட்ச்சை நிறுத்தக் குனிகிறார்கள். பல கிலோமீட்டர் உயிரைக் கொடுத்து ஓடிவந்து, கடைசிப் படத்தில் உச்சந்தலை. கோட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தபின் அழுத்து, அப்போதுதான் நிமிர்வார்கள் என்று சொல்லியிருந்தேன், அதனால் பாதி தேறியது.

ஒருவருக்கு எடுத்த நாலு ஃப்ரேமில் எதை வைப்பது? பாதம் தரையைத் தொட்ட கணத்தில் கன்னம் தொங்கும், வயிறு குலுங்கும், பத்து வயது கூடிவிடும். இரண்டு காலும் அந்தரத்தில் இருக்கும் கணத்தில் அதே ஆள் இளைத்திருப்பார். 1878-ல் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் கலிஃபோர்னியாவில் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையின் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுவதைக் காட்டினார். ஓவியர்கள் வரைந்ததுபோல் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு இல்லை. வயிற்றுக்கு அடியில் மடங்கிய நிலையில். உண்மை தெரிந்து இவ்வளவு காலமாகியும் ஜனங்களுக்குப் பிடித்தது அந்த நீட்டிய கால்தான். எனக்கென்ன, மனிதன் ஓடும்போது அது கிடைக்கிறது.

குதிரை என்றதும் ஞாபகம் வருகிறது. ஊட்டி ரேஸ்கோர்ஸ் நிலத்தை 2024-ல் அரசு எடுத்துக்கொண்டபிறகு, கோடை சீசனில் அதை நம்பியிருந்த எங்களில் சிலருக்கு ஒரு வருமானம் போனது. நியாயம் யார் பக்கம் என்று நான் பேசவரவில்லை. இரண்டாவது திருப்பத்தில் குதிரைகள் சாய்ந்து வரும் அந்த இடத்தில் வெளிச்சம் அருமையாக இருக்கும், அவ்வளவுதான்.

24 ஜனவரி, வெள்ளி

விற்பனை நினைத்ததுபோலவே. நடுக்கூட்டம், ஏழேகாலிலிருந்து எட்டேகால் வரைக்கும். குதித்தவர் வாங்கினார். ஜெயித்தவர் ஃபோன் செய்து, "பிரதர், ஹை ரெசல்யூஷன் அனுப்புங்க, உங்க பேர் டேக் பண்றேன்" என்றார். அனுப்பினேன். வேறு சிலர் வாட்டர்மார்க்கோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து டிபி வைத்துவிட்டார்கள். என் பேர் அவர்கள் நெற்றியில் குறுக்கே ஓடுகிறது. அதையும் விளம்பரக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

இடுப்பில் கைவைத்து வந்த அம்மாவிடமிருந்து இன்னும் ஆர்டர் இல்லை.

கேரட் தோட்டத்துப் படத்தை எட்டுக்குப் பன்னிரண்டில் பிரிண்ட் போட்டுப் பாலாடாவுக்கு எடுத்துப்போனேன். அந்த அக்கா படத்தைத் தூக்கிப் பிடித்து, தள்ளிப் பிடித்து, "இதுல நான் எது?" என்றார். இடமிருந்து மூன்றாவது புள்ளியைக் காட்டினேன். நம்பவில்லை. "வெளிச்சத்துல ஒண்ணு எடுத்துக் குடு" என்று கழுவும் இயந்திரத்துக்கு முன்னால் நாலு பேராக நின்றார்கள். எடுத்தேன். முகம் தெளிவாக இருந்தது. இது வேண்டும் என்றார்கள்.

2 பிப்ரவரி, ஞாயிறு

பாக்கிப் பணம் வரவில்லை. "பில் அக்கவுண்ட்ஸ்ல இருக்கு" என்று பதில் வருகிறது. அக்கவுண்ட்ஸ் என்பது அவர் தம்பிதான், எனக்குத் தெரியும்.

அடுத்த வேலை கல்லட்டி. சைக்கிள்காரர்கள் மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவும் ஏறப்போகிறார்கள். இன்று போய்ப் பார்த்துவந்தேன். சைக்கிள் என்றதும் பேனிங் படம் கேட்கிறார்கள், போகிற ஆளோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுப்பது. பின்னணி கலைந்து, ஆள் மட்டும் கூர்மையாக. சமவெளியில் ஷட்டர் முப்பதில் ஒரு வினாடி போதும். கல்லட்டியில் ஒருவர் நடையைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான் ஏறுவார், பின்னணி அசையவே அசையாது. பதினைந்தில் ஒன்றுக்கு இறக்கினால் மேலே கீழே ஆடும் முழங்கால் கலைந்துவிடும். ஆகவே இங்கே வேகத்தைக் காட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டேன். வளைவின் உள்பக்கச் சுவரை ஒட்டிக் கீழே உட்கார்ந்து, வியர்வை மூக்கு நுனியிலிருந்து ஹேண்டில்பாரில் சொட்டுவதை எடுக்கலாம். வடக்குப் பார்த்த சரிவு. வெயில் தெற்கே இருக்கும் மாதம் என்பதால் காலையில் நெடுநேரம் நிழல்தான். அது நல்லது, தலைக்கவசத்தின் நிழல் கண்ணை மறைக்காது.

இரண்டு வளைவுகளைக் குறித்துக்கொண்டேன். இரண்டிலும் வண்டி நிறுத்த இடமில்லை. தம்பியிடம் கார் வேண்டாம், பைக்கில் வா என்று சொல்லியிருக்கிறேன். கேட்பானா என்று தெரியவில்லை, கார் இப்போதுதான் வாங்கியிருக்கிறான்.