ரெண்டு வருஷ விசாவும் தினசரி வேதமும்

ஊரில் பக்தி நம்மைத் தேடி வரும். விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு "ஜெபத்துக்கு வாங்க மக்களே" என்று அம்மாவின் சத்தம், ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம், லெந்து என்ற தவக்கால நாட்களில் வீட்டு ஜெபம், அறுப்பின் பண்டிகை, சபையார் கூடிச் சாப்பிடும் அசனம். கடலோரக் கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ஜெபமாலையும், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேரும் அன்பியக் கூட்டமும். குமரி மாவட்டத்தில் வளர்ந்த ஒருவர், தானாக எதையும் தீர்மானிக்காமலே வருஷம் முழுக்க வேதவசனத்தின் நடுவில் இருந்துவிட முடியும். குவைத்திலோ துபாயிலோ வந்து இறங்கியதும் அந்த ஏற்பாடு மொத்தமும் ஒரே வாரத்தில் நின்றுபோகிறது. யாரும் மணி அடிப்பதில்லை. வரவில்லையே என்று கேட்க உபதேசியாரும் இல்லை.

விசுவாசம் போய்விட்டதால் வேதத்தை மூடிவைப்பவர்கள் குறைவு. "ரெண்டு வருஷ விசாதானே, கடனை அடைச்சிட்டு ஊருக்குப் போய் ஒழுங்காக் கோயிலுக்குப் போவோம்" என்ற எண்ணம்தான் அதிகம் பேரைத் தடுக்கிறது. ரெண்டு வருஷம் நாலாகும், நாலு பத்தாகும். அதுவரை ஆவிக்குரிய வாழ்க்கையைத் தள்ளிப்போட்டே காலம் கழியும். ஆகவே புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் வாசிக்கச் சொல்லும் பகுதி எரேமியா 28ஆம் அதிகாரமும், 29ஆம் அதிகாரத்தின் முதல் 14 வசனங்களும். மொத்தம் 31 வசனம். நிதானமாக வாசித்தாலும் பத்து நிமிடத்தில் முடியும்.

29:11 எல்லாருக்கும் தெரியும். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையிலும் காலண்டரிலும் வருகிற வசனம்: தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதத்தின் நடுவில் இருக்கிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டு வருஷ காலத்திலே எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான்; பாபிலோனுக்கு அடிமைப்படுவதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறான். அதே வருஷத்தில் அவன் இறந்துபோகிறான். அதன்பின் கடிதம் வருகிறது. அது சொல்லும் கணக்கு 70 வருஷம்.

இதைப் படிக்கும்போது கையில் பென்சில் இருக்கட்டும். 5 முதல் 7 வரையுள்ள வசனங்களில் கட்டளைகளை மட்டும் அடிக்கோடிடுங்கள்: வீடு கட்டு, குடியிரு, தோட்டம் நடு, கனியைச் சாப்பிடு, குடும்பம் உண்டாக்கு, அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு, அதற்காக விண்ணப்பம்பண்ணு. 8, 9 வசனங்களில் எச்சரிப்பு: உங்கள் ஆசைக்கு ஏற்ற மாதிரி சொல்லும் தீர்க்கதரிசிகளுக்குச் செவிகொடாதேயுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் "இந்த மாதம் உனக்கு விடுதலை" வகைச் செய்திகளை இந்த இரண்டு வசனத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 12, 13 வசனங்களில், முழு இருதயத்தோடும் தேடினால் கண்டுபிடிப்பீர்கள் என்ற வாக்கு வருகிறது. ஊர் திரும்பின பிறகு தேடுங்கள் என்று தேவன் சொல்லவில்லை. பாபிலோனில் இருக்கும்போதே தேடச் சொல்கிறார். 11ஆம் வசனத்தை இந்தக் கட்டளைகளோடு சேர்த்து வாசித்தவருக்கு அட்டையிலுள்ள ஒற்றை வரி போதாது.

தினமும் எவ்வளவு வாசிப்பது? நம் தமிழ் வேதாகமத்தில் 66 புத்தகம், 1,189 அதிகாரம். நாளுக்கு 3, விடுமுறையான வெள்ளியன்று 5 என்றால் வாரம் 23; ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். ஊரில் இருப்பவருக்கு நல்ல திட்டம். வேலைக்கு வந்த முதல் வருஷத்தில் இதை எடுக்காதீர்கள். ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தில் தொடங்குகிறவர், யாத்திராகமத்தின் ஆசரிப்புக்கூடார அளவுகளைத் தாண்டி மாதக் கடைசியில் லேவியராகமத்துக்கு வந்து சேர்வார். பலிகளின் ஒழுங்கும் குஷ்டரோகச் சட்டமும், பன்னிரண்டு மணி நேர டூட்டி முடித்த கண்ணும் அங்கே சந்திக்கும். பெரும்பாலான திட்டம் நின்றுபோவது அந்த இடத்தில்தான். நாலு நாள் பாக்கி விழுந்தால் 12 அதிகாரம் கடன், அந்தக் கடனைப் பார்த்தே புத்தகத்தைத் திறக்க மனசு வராது.

முதல் வருஷத்துக்கு இது போதும்: மாற்கு 16 நாள், ரூத் 4 நாள், பிலிப்பியர் 4 நாள், நாளுக்கு ஒரு அதிகாரம். அந்த 24 நாள் ஓடிவிட்டால் பழக்கம் காலூன்றிவிடும். பிறகு புதிய ஏற்பாடு முழுவதும். 260 அதிகாரம், வாரம் 5 வீதம் சரியாக 52 வாரம். மீதி இரண்டு நாளில் ஒன்று தப்பியதைப் பிடிக்க, ஒன்று சங்கீதத்துக்கு. ஒரு நாள் தவறினால் அன்றைய பாகத்தையே வாசியுங்கள், தவறியதை வெள்ளிக்கு விடுங்கள். வெள்ளியிலும் முடியவில்லை என்றால் அதை விட்டுவிட்டு முன்னே போங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூடவே ஒரு 80 பக்க நோட்டு. தேதி, பகுதி, அதன் கீழே மூன்றே வரி: இங்கே என்ன சொல்லியிருக்கிறது, எனக்குப் புரியாதது எது, இன்றைக்கு நான் செய்யவேண்டியது என்ன. மூன்றாவது வரியை "அன்பாயிருக்கவேண்டும்" என்று எழுதினால் பயனில்லை. "பக்கத்து பெட்காரனிடம் தண்ணீர் கேன் விஷயத்தில் பேசி முடிக்கவேண்டும்" என்று எழுதுங்கள். புரியாததை எழுதிவைத்தால் வெள்ளிக்கிழமை போதகரிடமோ குருவானவரிடமோ கேட்க ஒரு கேள்வி கையில் இருக்கும்.

செல்போனில் வேதம் இருப்பது நல்லதுதான், ஆனால் காலை வாசிப்புக்குக் காகித வேதம் கொண்டுவாருங்கள். திறந்த வினாடியே ஊர் குரூப் செய்தியும் வட்டிக்காரர் அழைப்பும் வந்து நிற்கும் கருவியில் பதினைந்து நிமிட அமைதி கிடைப்பது கஷ்டம். போனை ஒலிவடிவ வேதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேம்ப் பஸ்ஸில் போகவர ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் இரண்டு, மூன்று நாளில் மாற்கு சுவிசேஷம் முழுவதையும் கேட்டுவிடலாம்.

நேரம் டூட்டியைப் பொறுத்தது. காலை ஏழு முதல் இரவு ஏழு வரை நிற்கும் நர்சுக்குக் காலையில் நாற்காலியே கிடைக்காது. அவருக்கு இரவு குளித்தபின், சாப்பாட்டுக்கு முன்பு நல்லது. சாப்பிட்ட பிறகு தூக்கம் வந்துவிடும். நைட் டூட்டி வாரத்தில் நேரம் மாறும். ஆகவே கடிகாரத்தோடு கட்டாமல் ஒரு செயலோடு கட்டுங்கள்: யூனிஃபார்ம் மாற்றியதும் வேதம் என்பது போல. வெயில் காலத்தில் வெளிவேலைக்கு மதியத் தடை உண்டு: குவைத்தில் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை 11 மணி முதல் 4 மணி வரை, எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை 12.30 முதல் 3 மணி வரை. அந்த இடைவேளையில் முதலில் உடம்புக்குத் தூக்கம் கொடுங்கள். ஒரு சங்கீதம் போதும். ஆறுபேர் படுக்கும் அறையில் சத்தமாகப் பாடி ஜெபிக்கவேண்டாம், இரவுவேலை முடித்துத் தூங்குகிறவனுக்கு அது சாட்சியாக இராது.

குடும்ப ஜெபத்தை விடாதீர்கள். குவைத் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால், துபாய் ஒன்றரை மணி. ஊரில் ஏழு மணி ஜெபம் என்றால் குவைத்தில் மாலை 4.30, பலர் இன்னும் வேலையில் இருப்பார்கள். வீட்டாரை ஒன்பது மணிக்கு மாற்றச் சொன்னால் குவைத்தில் 6.30, துபாயில் 7.30. எமிரேட்ஸில் சாதாரணமாக வாட்ஸ்அப் அழைப்பு கிடைக்காது. போட்டிம் போல அனுமதியுள்ள செயலி வேண்டும். இணையத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து பாட முடியாது, குரல் பிந்தி வந்து கீர்த்தனை குழம்பிப்போகும். ஊரில் பாடட்டும், நீங்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கூடப் பாடுங்கள். ஒரு கீர்த்தனையில் இரண்டு சரணம், எட்டுப் பத்து வசனம் பிள்ளைகள் மாற்றி மாற்றி வாசிக்க, ஒருவர் ஜெபம், பரமண்டல ஜெபம். பன்னிரண்டு நிமிடம் ஆகும். முக்கியமான ஒன்று: ஜெபம் முதலில், வீட்டு விஷயம் பிறகு. பணம், நிலம், மாமியார் என்று பேச்சு தொடங்கிவிட்டால் அந்த இரவில் ஜெபம் நடக்காது.

ஆராதனை நாளைப் பற்றி மனக்கலக்கம் வேண்டாம். குவைத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு வேலைநாள். எமிரேட்ஸ் அரசு 2022 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறியது என்றாலும், தனியார் கம்பெனிகளில் வெள்ளி விடுமுறை இன்னும் உண்டு. எனவே வளைகுடாவின் தமிழ் ஆராதனைகள் பல வெள்ளியன்று நடக்கின்றன. குவைத் நகரத்திலுள்ள நேஷனல் எவாஞ்சலிக்கல் சர்ச் வளாகத்திலும், துபாயில் ஊத் மேத்தாவிலுள்ள ஹோலி டிரினிட்டி ஆலயத்திலும் பல மொழிச் சபைகள் ஒரே வளாகத்தை நேரம் பிரித்துப் பயன்படுத்துகின்றன. அடுத்த சபை வாசலில் காத்திருக்கும். ஊர்க் கோயில்போல பிந்திப் போனால் பிரசங்கம்தான் கிடைக்கும், சில சமயம் ஆசீர்வாதம் மட்டும். பக்கத்தில் இருப்பவர் சேகரம் (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்) எது, சபை எது என்று கேட்டால் கூச்சமின்றிச் சொல்லுங்கள். குமரி மாவட்டத்து நெய்யூரோ மயிலாடியோ என்று தெரிந்துவிட்டால் அடுத்த வாரம் வண்டியில் இடம் கிடைக்கும். கிறிஸ்துமஸ் பொது விடுமுறை இல்லை. லீவு இரண்டு மாதம் முன்பே எழுதிக்கொடுங்கள்.

சேர்ந்து படிக்க விடுமுறைக்கு முந்தின இரவு ஏற்றது. ஆறு முதல் எட்டுப் பேர், 10 முதல் 15 வசனம், முக்கால் மணி நேரம். இரண்டு மொழிபெயர்ப்பில் இருவர் வாசிக்கட்டும்: ஒன்று நம் பழைய வேதாகமம், இன்னொன்று 1995இல் வந்த திருவிவிலியம். சங்கீதம் அங்கே திருப்பாடல்கள், அப்போஸ்தலர் நடபடிகள் அங்கே திருத்தூதர் பணிகள். எண் சொல்லும்போது இரண்டு பெயரும் சொன்னால் யாரும் பக்கம் புரட்டித் தவிக்கமாட்டார்கள். ஒரே அறையில் சிஎஸ்ஐ, கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே, இரட்சணிய சேனை எல்லாரும் இருப்பார்கள். ஞானஸ்நானம், மாதா, அந்நியபாஷை மூன்றையும் அந்த மேசையில் எடுக்கவேண்டாம், எடுத்த கூட்டம் மூன்றாம் வாரத்தில் உடையும். நடத்துகிறவர் பிரசங்கம் செய்யாமல் கேள்வி கேட்கட்டும். பிற மதத்தாரிடம் பிரசாரம் செய்வதும் துண்டுப்பிரசுரம் கொடுப்பதும் இங்கே சட்டப்படி குற்றம். கூட்டம் விசுவாசிகளுக்குள், அமைதியாக, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லாமல் நடக்கட்டும்.

ஒருவரே கிடைத்தாலும் போதும். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய், மார்த்தாண்ட வர்மாவின் படையில் சேர்ந்து, 1777இல் இறக்கும்வரை அந்நிய மண்ணில் வாழ்ந்தார். கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. துன்பத்தில் நொந்துபோயிருந்த அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளைக்கு அவர் எடுத்துச் சொன்னது யோபு என்ற ஒரே புத்தகத்தின் கதை. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற அவரே, 1752இல் காற்றாடிமலையில் உயிர்கொடுத்து, 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம். ஊர்க்காரர் ஒருவரோடு வாரம் ஒரு முறை ஒரு புத்தகத்தை முழுவதுமாகப் பேசி முடியுங்கள். ஃபார்வர்டு அனுப்பாமல், அன்று வாசித்த வசன எண்ணையும் நோட்டின் மூன்றாவது வரியையும் மட்டும் அவருக்கு அனுப்புங்கள். அவர் கேட்பார் என்று தெரிந்தாலே புத்தகத்தைத் திறப்பீர்கள்.

பழக்கம் அதிகமாக முறிவது லீவில்தான். ஒரு மாதம், இரண்டு கல்யாணம், அசனம், வீட்டு வேலை, பார்க்க வருகிற சொந்தம். அந்த மாதத்துக்கு வாசிப்பைக் குறைத்து நீதிமொழிகளை எடுங்கள்: 31 அதிகாரம், தேதிக்கு ஒன்று, காலை காப்பிக்கு முன்பு. மாலை ஜெபத்தில் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் குரலிலேயே கேளுங்கள். பெட்டி கட்டும்போது நோட்டைக் கைப்பையில் வையுங்கள், திரும்பி வந்த முதல் டூட்டி முடிந்த இரவே விட்ட பக்கத்திலிருந்து தொடங்கலாம்.